படுத்தாலும் தீராத அசதி: நீலகிரியில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் மெதுவான உடற்பயிற்சி

கீமோ முடிந்து, கோயம்புத்தூரில் சில வாரங்கள் தங்கிக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்துக்கொண்டு, மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறி வீட்டுக்கு வந்து சேருபவரிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இனி நல்லா ரெஸ்ட் எடுங்க. நம்ம மலைக்காத்து பட்டாலே சரியாயிடும்." அக்கறையில் சொல்வதுதான். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே ஊட்டிக்கும் குன்னூருக்கும் உடம்பைத் தேற்றும் ஊர் என்ற பெயர் உண்டு. ஆனால் புற்றுநோயோடு வரும் அசதிக்கு இந்த அறிவுரை சரிப்பட்டு வருவதில்லை. ஓய்வு ஒரு அளவைத் தாண்டினால் அசதி குறையாது, கூடும். கூடவே ராத்திரித் தூக்கமும் கெடும்.

செய்த வேலைக்குச் சம்பந்தமே இல்லாமல் வருவது, தூங்கி எழுந்தாலும் போகாதது, உடம்போடு மனசையும் யோசனையையும் சேர்த்து அழுத்துவது என்றுதான் மருத்துவர்கள் இந்த அசதியை வரையறுக்கிறார்கள். நாள் முழுக்கக் கொழுந்து பறித்த அலுப்பு, சாப்பிட்டுப் படுத்தால் காலையில் போய்விடும். இது அப்படிப் போகாது. குளித்துவிட்டுத் தலை துவட்டுவதற்குள் உட்கார வேண்டியிருக்கும். அடுப்பில் எதை வைத்தோம் என்பது மறந்துபோகும். கரண்ட் வைக்கும்போது இது வாரத்துக்கு வாரம் ஏறி, கடைசி நாட்களில் உச்சத்துக்குப் போய், சிகிச்சை முடிந்து சில வாரங்கள் கழித்துத்தான் மெல்ல இறங்கும். சிலருக்கு மாதக்கணக்கிலும், இன்னும் சிலருக்கு வருடக்கணக்கிலும் நீடிப்பதுண்டு. வீட்டில் உள்ளவர்களுக்கு இது சோம்பேறித்தனமாகவோ மனசு விட்டுப்போனதாகவோ தெரிவதும், அதனால் வரும் மனத்தாங்கலும் தனிக்கதை.

உடற்பயிற்சிக்குப் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அசதிக்குப் பின்னால் மருந்தால் சரிசெய்யக்கூடிய காரணம் இருந்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ரத்தசோகை, கழுத்தில் கதிர்வீச்சு பட்ட பிறகு மந்தமாகும் தைராய்டு, அடங்காத வலி, சாப்பாடு இறங்காமை, மனச்சோர்வு ஆகியவை அடிக்கடி தென்படும் காரணங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். புற்றுநோய்க்கு முன்பே ரத்தம் கம்மி. நீலகிரியில் இன்னொன்றும் சேர்கிறது. இந்தியாவில் அரிவாள் செல் ரத்தசோகை (சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய்) முதன்முதலில் பதிவானதே 1952இல் இந்த மலையின் பழங்குடி மக்களிடம்தான். அந்தச் சமூகங்களைச் சேர்ந்த ஒருவர் அசதி என்று வந்தால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் சமவெளியில் கிடைப்பதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்குதான். பிறந்து வளர்ந்தவர்களின் உடம்பு இதற்குப் பழகியிருக்கும். ஹீமோகுளோபினும் குறைந்து, பல வாரம் கீழே இருந்துவிட்டு மேலே வருபவருக்கு, வீட்டுக்கு ஏறும் இருபது படியே மலையாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை.

இதெல்லாம் பார்த்து முடித்த பிறகும் மிஞ்சி நிற்கும் அசதியைப் பற்றித்தான் இனிப் பேச வேண்டும்.

பகலும் இரவும் சேர்ந்த முடிச்சு

சிகிச்சையும் நோயும் உடம்பில் ஒரு மெல்லிய அழற்சியைத் தொடர்ந்து வைத்திருக்கின்றன. காய்ச்சல் நேரத்தில் நம்மைச் சுருண்டு படுக்க வைக்கிற அதே ரசாயனச் சமிக்ஞைகள், சிகிச்சை முடிந்த பிறகும் சிலருக்குக் குறைந்த அளவில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. உடம்பு படுக்கச் சொல்கிறது, நாமும் படுக்கிறோம். படுக்கப் படுக்கத் தசை கரைகிறது. தசை கரைந்த உடம்புக்கு முன்பு சாதாரணமாக இருந்த வேலையே பாரமாகிறது, மறுபடியும் படுக்கத் தோன்றுகிறது. இது ஒரு சுற்று.

இன்னொரு சுற்று தூக்கத்தில் ஓடுகிறது. பகலில் படுத்தே இருப்பவருக்கு ராத்திரியில் தூக்கம் பிடிக்காது. தூங்காத ராத்திரி மறுநாள் அசதியைக் கூட்டும், அந்த அசதி மறுபடி பகலில் படுக்க வைக்கும். கார்டிசால் என்ற ஹார்மோன் காலையில் ஏறி இரவில் இறங்க வேண்டும்; நீடித்த அசதி உள்ள பலருக்கு இந்த ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடுகிறது. கீமோவின்போது வாந்தி வராமலிருக்கத் தரப்படும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகளும் ராத்திரி கண்ணை மூட விடாது. அவற்றைக் காலையிலேயே எடுத்துக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் கேட்டாலே சிலருக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

நீலகிரியில் இந்த முடிச்சை இறுக்குவதற்குக் குளிரும் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் தாழ்வான இடங்களில் புல்மேல் உறைபனி படியும். ஆனி, ஆடியில் நாள்கணக்கில் மழையும் மூடுபனியும். நல்ல உடம்புக்காரர்களே கம்பளிக்குள்ளிருந்து வெளியே வரத் தயங்கும் ஊரில், நோயாளிக்குக் கட்டிலும் கம்பளியும்தான் நாள் முழுக்க இருப்பிடம். "அத்தை, நீங்க எந்திரிக்காதீங்க, நான் டீ கொண்டாறேன்" என்று மருமகள் சொல்லும் பாசத்தில், காலை வெளிச்சம் கண்ணில் படாமலே பகல் போய்விடுகிறது. நாலைந்து டீயும் உள்ளே போயிருக்கும். காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும்; சாயங்காலம் ஐந்து மணிக்குக் குடித்த டீயில் பாதி, இரவு பத்து மணிக்கும் உள்ளே இருக்கும். தேயிலை விளையும் ஊரில் மதியத்துக்கு மேல் டீ வேண்டாம் என்று சொல்வது கொஞ்சம் கொடுமைதான். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆய்வுகள் சொல்வது எவ்வளவு

2017இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, 113 ஆய்வுகளில் பங்கேற்ற 11,525 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. புற்றுநோய் அசதியைக் குறைப்பதில் உடற்பயிற்சியும் உளவியல் சிகிச்சையும் பலன் தந்தன, மருந்துகளால் கிடைத்த பலன் அவற்றைவிட மிகக் குறைவு. ஆனால் உடற்பயிற்சியின் பலனும் புள்ளியியல் கணக்கில் "சிறியதிலிருந்து நடுத்தரம்" வரைக்கும்தான். அற்புதம் எதுவும் நடக்கவில்லை. அசதி அறவே போய்விடும் என்று யாராவது சொன்னால் அவர் இந்த எண்களைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

தூக்கத்துக்கு வருவோம். அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தினர், சிகிச்சை முடிந்தும் தூக்கம் கெட்டிருந்த 410 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2013இல் வந்தது. ஒரு பகுதியினருக்கு நான்கு வாரம், வாரம் இரண்டு முறை, 75 நிமிட மென்மையான யோகா: மூச்சுப் பயிற்சி, எளிய ஆசனங்கள், தியானம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் தூக்கம் மேம்பட்டது, தூக்க மாத்திரை எடுப்பதும் குறைந்தது. இதில் ஒரு பலவீனம் உண்டு. யோகா வகுப்புக்குப் போகிறவருக்குத் தாம் எதையோ செய்கிறோம் என்பது தெரியும், கூடவே நாலு பேரின் துணையும் கிடைக்கிறது. சும்மா இருந்தவரோடு அவரை ஒப்பிட்டால் யோகாவின் பங்கு எவ்வளவு, துணையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

அந்த வகையில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது, லாஸ் ஏஞ்சலஸில் நடந்து 2017இல் வெளியான ஆய்வு. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட, தூக்கமின்மை உள்ள 90 பேரில் ஒரு பாதிக்கு டாய் சி என்ற சீன மெதுவசைவுப் பயிற்சி, மறு பாதிக்குத் தூக்கமின்மைக்கு இன்று முதல் தேர்வாகக் கருதப்படும் நடத்தைச் சிகிச்சை. மூன்று மாதப் பயிற்சி. மொத்தம் 15 மாதம் கழித்துப் பார்த்தபோது டாய் சி பின்தங்கவில்லை. இரண்டு பக்கத்திலும் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குத்தான் தெளிவான பலன் கிடைத்திருந்தது. இதை இரண்டு விதமாகப் படிக்கலாம், இரண்டுமே சரி: சிறந்த சிகிச்சைக்கு ஈடாக ஒரு மெதுவான உடற்பயிற்சி நின்றது; பாதிப் பேருக்கு மேல் இரண்டுமே போதவில்லை.

அந்த நடத்தைச் சிகிச்சையின் முக்கியமான விதி, தூக்கத்துக்கு மட்டுமே படுக்கை, தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போக வேண்டும் என்பது. எஸ்டேட் லைன் வீட்டில் வேறு அறை எங்கே இருக்கிறது? ஐந்து பேர் படுத்திருக்கும் ஒரே அறையில், ஜனவரி நள்ளிரவில் எழுந்து எங்கே போவது? புத்தகத்தில் முதலிடத்தில் இருக்கும் சிகிச்சை இங்கே நடைமுறையில் பின்னுக்குப் போய்விடுகிறது. ஒரு பாயும் ஒரு நாற்காலியும் மட்டும் கேட்கும் பயிற்சிக்கு இந்த மலையில் இடம் இருப்பது அதனால்தான்.

நம் பக்கத்திலும் ஆய்வு நடந்திருக்கிறது. பெங்களூருவில் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டிருந்த 88 மார்பகப் புற்றுநோய்ப் பெண்களில் ஒரு குழுவுக்கு ஆறு வாரம் யோகாவும், இன்னொரு குழுவுக்கு ஆறுதல் ஆலோசனையும் தரப்பட்டன. யோகா குழுவில் அசதி, வலி, தூக்கமின்மை எல்லாமே கூடுதலாகக் குறைந்ததாக 2009இல் எழுதினார்கள். சிகிச்சை நடக்கும்போதே செய்தார்கள் என்பதும், ஒப்பீட்டுக் குழுவைச் சும்மா விடவில்லை என்பதும் கவனிக்க வேண்டியவை.

பலன் வர நேரம் எடுக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2014இல் ஓஹியோவில் 200 பெண்களிடம் பன்னிரண்டு வாரம் யோகா பயிற்சி நடத்திய ஆய்வில், பயிற்சி முடிந்த உடனே அசதியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதற்கு மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதுதான் அசதியும் ரத்தத்தில் அழற்சிக் குறியீடுகளும் தெளிவாகக் குறைந்திருந்தன. பத்து நாள் செய்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று பாயைச் சுருட்டி வைப்பவர்களுக்காகவே நடத்திய ஆய்வு போல இருக்கிறது! அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2024இல் புதுப்பித்த வழிகாட்டுதலில், சிகிச்சைக் காலத்திலேயே அசதிக்கு உடற்பயிற்சி, டாய் சி, அதைப் போலவே மூச்சோடு சேர்ந்த சீனப் பயிற்சியான சிகோங் போன்றவற்றைப் பரிந்துரைக்கச் சொல்கிறது. சிகிச்சைக்குப் பிறகு யோகாவையும் பரிந்துரைக்கலாம் என்கிறது.

இவை ஏன் வேலை செய்கின்றன? மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும். அந்த வெளிமூச்சை நீட்டி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவுக்கு மெதுவாக்கினால், எப்போதும் விழிப்பு நிலையில் நிற்கும் நரம்பு மண்டலம் அடங்கும் பக்கம் சாய்கிறது. மெதுவான அசைவு தசையைக் கரைய விடாமல் வைக்கிறது. கவனம் உடம்பில் இருக்கும்போது "திரும்பி வந்துடுமோ" என்ற நினைப்பு சற்று நேரம் ஓய்கிறது. இதில் எது அதிகம் உதவுகிறது என்று பிரித்துச் சொல்வது கடினம். மூன்றும் ஒரே நேரத்தில் நடப்பதுதான் இதன் வசதி என்று எனக்குத் தோன்றுகிறது.

"நான் தினமும் மலை ஏறி இறங்குறவ"

தோட்டத்தில் வேலை பார்த்த பெண்களிடம் உடற்பயிற்சி என்று ஆரம்பித்தால் வரும் பதில் இது. நியாயமான பதில். ஆனால் கிலோ கணக்குக்காகச் சரிவில் அவசரமாக ஏறி, முதுகில் கொழுந்துப் பையோடு குனிந்து நிமிர்வதும், மூச்சோடு சேர்த்துக் கையை மெல்ல உயர்த்துவதும் உடம்புக்கு வேறு வேறு செய்திகள். முன்னதில் மூச்சு வேலையின் பின்னால் ஓடுகிறது. பின்னதில் அசைவுதான் மூச்சுக்காகக் காத்திருக்கிறது. சிகிச்சை முடிந்தவுடன் பழைய வேகத்தில் தோட்டத்துக்குப் போய், இரண்டு நாள் தாக்குப்பிடித்து, மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரம் படுத்துவிடுவது பலருக்கும் நடப்பது. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. அந்தப் பக்கத்துக் கையால் திடீரென்று பெரிய பாரம் தூக்குவது, முள் கீறலையும் அட்டைக் கடியையும் கண்டுகொள்ளாமல் விடுவது இரண்டுமே கை வீக்கத்துக்கு வழி.

சரி, எப்படிச் செய்வது? சுவரை ஒட்டிப் போட்ட, கைப்பிடியில்லாத உறுதியான நாற்காலி ஒன்று போதும். முதலில் உட்கார்ந்தபடியே, இழுப்பதைவிட விடுவது சற்று நீளமாக, இரண்டு நிமிடம் மூச்சு. அப்புறம் மூச்சு இழுக்கும்போது இரண்டு கைகளையும் வலிக்காத உயரம் வரை தூக்குவது, விடும்போது இறக்குவது. தோள்பட்டையைச் சுழற்றுவது. முதுகை மெல்ல வளைத்து நிமிர்த்துவது. நின்றுகொண்டு, நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி இறக்குவது. கடைசியில் தரையில் கனமான விரிப்பின் மேல் படுத்து, கெண்டைக்கால்களை நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டு, கம்பளி போர்த்தி ஐந்து நிமிடம். மூச்சுத்திணறலோ இதயக் கோளாறோ இருப்பவர்களுக்குத் தட்டையாகப் படுப்பது ஒத்துவராது. அவர்கள் சாய்ந்து உட்கார்ந்தே முடிக்கலாம். பத்து நிமிடத்தில் தொடங்கி, பழகப் பழக இருபது, முப்பது நிமிடம். பேசிக்கொண்டே செய்ய முடிய வேண்டும். முடித்தபின் தொடங்கியதைவிடக் களைப்பாக இருந்தால் மறுநாள் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும், விட்டுவிடக் கூடாது.

விடியற்காலையில் யோகா செய்வதுதான் முறை என்று ஒரு பிடிவாதம் உண்டு. ஊட்டிக் குளிரில் அது நோயாளிக்குத் தேவையில்லாத சோதனை. தூக்கத்துக்காகச் செய்பவர்களுக்குச் சாயங்காலமோ, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்போ நல்லது. காலை நேரத்தை வெளிச்சத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கீமோ எடுத்த பெண்களுக்குக் காலையில் அரை மணி நேரம் பிரகாசமான விளக்கொளி கொடுத்தபோது அசதி மோசமாகாமல் நின்றதாக அமெரிக்காவின் சான் டியேகோவில் ஒரு சிறிய ஆய்வு காட்டியது. நமக்கு அந்த விளக்கு வேண்டாம். மூடுபனி நாளிலும் வாசல் வெளிச்சம் வீட்டு பல்பைவிடப் பல மடங்கு அதிகம். குல்லாவும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தால் போதும்.

குளிர் சம்பந்தமாக இன்னும் இரண்டு. குடல், இரைப்பைப் புற்றுநோய்களுக்குத் தரப்படும் ஆக்ஸாலிபிளாட்டின் மருந்து ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரல்கள் ஷாக் அடித்தது போலச் சுரீரென்று கூசும்; குளிர்காற்றை இழுத்தால் தொண்டை இறுகுவது போல இருக்கும். சமவெளியில் அவர்களுக்கு ஐஸ் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினால் போதும். இங்கே குழாய்த் தண்ணீரே ஐஸ்தான். கையுறை, காலுறை, கழுத்தில் மஃப்ளர், மூடிய அறை இல்லாமல் அவர்கள் பயிற்சி செய்யக் கூடாது. இரண்டாவது, அறையைச் சூடாக்கக் கரி அடுப்பு வைத்துக் கதவு ஜன்னலை அடைத்துவிட்டு மூச்சுப் பயிற்சி செய்வது உயிருக்கே ஆபத்து. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இந்த மாதிரி மலை ஊர்களில் தூக்கத்திலேயே உயிர் போனவர்கள் உண்டு.

பாதம் மரத்துப்போனவர்கள் சரிவான முற்றத்திலும் ஈரப் படியிலும் நின்று செய்ய வேண்டாம். எலும்புக்கு நோய் பரவியிருந்தால் முதுகைத் திருகுவது, ஆழமாகக் குனிவது கூடாது. காய்ச்சல் இருக்கும் நாளிலும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருக்கும் நாளிலும் மருத்துவர் சொன்னால் ஒழிய வேண்டாம். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுகளும் தலைகீழ் ஆசனங்களும் இந்தக் கணக்கிலேயே சேராதவை. நெஞ்சுவலி, புதிதாக வந்த மூச்சுத்திணறல், காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கம், முதுகுவலியோடு கால் பலமிழப்பது: இவை வந்தால் பாயில் இருக்க வேண்டிய நேரமில்லை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டிவியில் யோகாவால் புற்றுநோயே கரையும் என்று சொல்பவர்களைக் கேட்டுக் கீமோவைப் பாதியில் நிறுத்தியவர்கள் உண்டு. மேலே சொன்ன எந்த ஆய்வும் கட்டியைக் கரைக்கப் புறப்பட்டதல்ல. அவை அளந்தது அசதியையும் தூக்கத்தையும் தவிப்பையும்தான்.

கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமே என்றால், இந்த மலையில் டாய் சி ஆசிரியரைத் தேடி அலைய வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் பல அரசு மருத்துவமனைகளில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வரும் இயன்முறை மருத்துவமும் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையும் சேர்ந்திருக்கின்றன. கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ விசாரிக்கலாம். போகும்போது சிகிச்சைக் கோப்பைக் கையில் எடுத்துப் போங்கள். எந்த மருந்து ஏறியது, எலும்பில் நோய் இருக்கிறதா, எந்தப் பக்கம் அறுவை சிகிச்சை ஆனது என்ற மூன்றும் தெரியாமல் எந்த ஆசிரியரும் ஒரு ஆசனம்கூடச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. கேட்காமலே ஆரம்பிப்பவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அப்போதும் "அதெல்லாம் பார்க்க வேண்டியதில்லை" என்றால், வேறு ஆளைப் பார்ப்பது நல்லது.